கல்லெண்டு சொன்னீங்களே, அப்பா

என்ர தங்க அப்பாவுக்கு,

ரெஜினா எழுதுறன். நீங்கள் இருக்கிற இடத்தில கண்ணாடி தேவைப்படுமோ தெரியாது. உங்கட கண்ணாடி இஞ்ச அலுமாரியில, உடைஞ்ச காலை நீங்கள் நூலால கட்டினபடியே கிடக்குது.

எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்க ஏலாது, அது உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். அதால நேராச் சொல்லுறன். தம்பி அன்ரனுக்கு ஒண்டுமில்லை. உங்கட ரத்தத்தில இருந்த அந்தப் பிழை அவனுக்கு வரேல்லை. எனக்குத்தான் வந்திருக்கு.

எழுதிப்போட்டுத் திருப்பித் திருப்பி வாசிக்கிறன் அப்பா. வேற ஆரோ ஒருத்தியைப் பற்றி எழுதினமாதிரிக் கிடக்குது. உங்களுக்கு வந்தது புரோஸ்டேட் கான்சர். ஆம்பிளையளுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பியில வாற வருத்தம். அந்தச் சுரப்பியே இல்லாத எனக்கு அதில என்ன பங்கு? நீங்களும் இப்ப நெத்தியைச் சுருக்கிக்கொண்டு இதைத்தான் கேப்பீங்கள். நானும் கேட்டனான், ஆஸ்பத்திரி விறாந்தையில நிண்டு, சனம் பாக்க. பொறுங்கோ, முதலில இருந்து வாறன்.

முதலெண்டால் உங்கட கல்லில இருந்துதான் தொடங்கவேணும்.

துறைமுகத்தில லோஞ்ச் படகுகளின்ர இஞ்சின் பாத்துப் பென்சனுக்கு வந்த பிறகு, சலம் போக நீங்கள் கஷ்டப்படத் தொடங்கின காலம் அது. கிளினிக்குக்கு நாங்கள் எல்லாரும்தான் வந்தனாங்கள். டொக்டரின்ர கதவடியில நீங்கள் திரும்பி, "நீயும் அம்மாவும் வெளியில இந்த மர வாங்கில இருங்கோ. அன்ரன், நீ வா" எண்டனீங்கள். நாங்களும் போய் இருந்தம். எங்கட வீட்டில எப்பவும் அப்பிடித்தானே? ஆம்பிளைக்கு வருத்தமெண்டால் பொம்பிளையள் வெளி வாங்கில. பொம்பிளைக்கு வருத்தமெண்டால் ஆம்பிளையள் ஆஸ்பத்திரிக் கேற்றடியில, எங்கட ஊர்த் தெருவெல்லாம் திரியிற மானுக்கு வாழைப்பழத்தோல் குடுத்துக்கொண்டு நிப்பினம். என்ர மகள் ஷரோன் பிறந்த அண்டும் நீங்கள் கேற்றடியிலதான் நிண்டனீங்கள்.

வெளியில வந்து, "கல்லாம். தண்ணி கனக்கக் குடிக்கட்டாம்" எண்டனீங்கள். அன்ரன் நிலத்தைப் பாத்தவன். நான் அதைக் கவனிச்சனான். ஆனால் அவன் சின்னனில இருந்தே நிலம் பாக்கிற ஆள்தானே எண்டு விட்டுட்டன்.

அடுத்த நாளே அம்மா நெருஞ்சி தேடத் தொடங்கிட்டா. கல்லுக் கரைய நெருஞ்சியை விட்டால் வேற மருந்தில்லை எண்டு அவவின்ர முடிவு. நானும் ஷரோனும் லிங்கநகரில கட்டாமல் கிடக்கிற வளவெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு புடுங்கினம். விரலெல்லாம் முள்ளு. அம்மா அவிச்சு வடிச்சுச் செம்பில தருவா, நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவையில குடிப்பீங்கள். "எப்பிடி இருக்கு?" எண்டு அம்மா கேப்பா. "கரையுது, கரையுது" எண்டுவீங்கள். இல்லாத கல்லுக்கு இவ்வளவும் குடிச்சனீங்களே, மனுசா! நினைச்சால் எனக்குச் சிரிப்பும் வருது, வயிறும் பத்தி எரியுது.

கல்லில்லை எண்டு எங்களுக்குத் தெரிஞ்சது, முதுகெலும்பு நொந்து கட்டிலால நீங்கள் எழும்ப ஏலாமல் போனபோதுதான். அன்ரன் குசினிக்குள்ள வந்தவன். "அம்மா, அப்பாவுக்கு வந்தது கல்லில்லை. கான்சர். எலும்புக்குப் போயிட்டுது" எண்டவன். அம்மா அடுப்பில கொதிச்ச நெருஞ்சியைப் பாத்தவ. பிறகு அவனைப் பாத்தவ. "அப்ப ஏன்ரா என்னை இவ்வளவு காலமும் இதை அவிக்க விட்டனி?" எண்டுதான் அவ கேட்டது.

"அம்மா தாங்கமாட்டா, சொல்லவேண்டாம் எண்டு அப்பா சத்தியம் வாங்கினவர்" எண்டான். அம்மா தாங்கமாட்டா எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

அதுக்குப் பிறகு எல்லாம் மளமளவெண்டு நடந்துபோச்சு. ஆண் ஹோர்மோனை மறிக்கிற ஊசி முதலில நல்லாத்தான் கேட்டது. சாப்பிட்டீங்கள், பூசைக்கு வந்தனீங்கள், துறைமுகத்தடியில போய் உங்கட பழைய கூட்டாளியளோட அரசியலும் கதைச்சனீங்கள். பேந்து திடீரெண்டு ஊசி கேக்காமல் விட்டுட்டுது. வயசுபோனவைக்கு இந்த வருத்தம் ஆமை வேகத்திலதான் போகும், இவருக்கு ஏன் இப்பிடி ஓடுது எண்டு டொக்டருக்கே யோசனை. உங்கட சதைத்துண்டையும் ரத்தத்தையும் பரம்பரைச் சோதனைக்கு அனுப்பினவர். முடிவு வரேக்க நீங்கள் சேமக்காலையில, மண்ணுக்குள்ள.

டொக்டர் அன்ரனைக் கூப்பிட்டுச் சொன்னவராம், அப்பாவுக்கு ஒரு மரபணுவில பிறப்பிலயே பிழை, பிள்ளையளைச் சோதிக்கவேணும் எண்டு. பிள்ளையள் எண்டவர் அப்பா. அது அன்ரனெண்டுதான் எங்கள் எல்லாருக்கும் பட்டது. எனக்கும்தான், மற்றவையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு, பேர் ஆம்பிளைப் பிள்ளைக்கு. எனக்கு இந்த வீட்டை எழுதினீங்கள், அவனுக்கு உங்கட இஞ்சின் சாமான் பெட்டியைக் குடுத்தீங்கள். ஆம்பிளை வருத்தத்தையும் பேசாமல் அவன்ர பங்கில போட்டுட்டம்.

பாவம், அவன் பட்ட பாடு! முடிவு வருமட்டும் ஒழுங்காச் சாப்பிடேல்லை. அம்மா நவநாள் செபத்துக்கு மேல நவநாள் செபம். ஒண்டுமில்லை எண்டு வந்த அண்டு கோயிலில மெழுகுதிரி கொளுத்தி, கிண்ணியாவில இருந்து தயிர் எடுப்பிச்சு, எல்லாருமாய் இருந்து சாப்பிட்டம். நான் அவன்ர முதுகில ஒண்டு போட்டு, "தப்பிட்டாய்ரா கள்ளா" எண்டனான். தயிரில பெரிய பங்கு எனக்குத்தான்.

பிறகுதான் அந்த விறாந்தை.

அம்மாவைப் பிரஷர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான். உங்கட கான்சர் டொக்டர் எதிரில வந்தவர். அம்மாவைச் சுகம் விசாரிச்சுப்போட்டு என்னைப் பாத்து, "தம்பி வந்து செய்திட்டார். நீங்கள் எப்ப ரத்தம் சோதிக்கப் போறீங்கள்?" எண்டார்.

"நானோ? எனக்கு அந்தச் சாமானே இல்லையே டொக்டர்!" எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சனான். வரிசையில நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. அம்மா இடுப்பில கிள்ளினவ. டொக்டர் சிரிக்கேல்லை. "உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" எண்டு கேட்டவர்.

தன்ர அறைக்குக் கூப்பிட்டவர். அம்மா பழக்கத்தில வாங்கில இருந்திட்டா. கதவு திறந்தபடிதான் கிடந்தது.

அவர் சொன்னதை உங்களுக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுறன். உடம்பில கலங்கள் பெருகேக்க, உள்ளுக்க இருக்கிற மரபணு முழுக்கப் படியெடுபடுமாம். படியெடுக்கேக்கப் பிழை விழும், உடைவு வரும். அதைத் திருத்துறதுக்கும் உடம்பிலயே மரபணுக்கள் இருக்காம். அதில ஒண்டுக்குப் பேர் பி.ஆர்.சி.ஏ.-2. எல்லாருக்கும் அதில ரெண்டு பிரதி, தாயிட்ட ஒண்டு, தகப்பனிட்ட ஒண்டு. உங்களுக்கு அதில ஒண்டு பிறக்கேக்கயே பழுது. உங்கட லோஞ்சில தண்ணி இறைக்க ரெண்டு பம்ப் இருக்குமே, ஒண்டு நிண்டாலும் மற்றது இறைக்கும் எண்டு பெருமையாச் சொல்லுவீங்களே, அப்பிடி மற்றதை வைச்சு இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறீங்கள்.

வயசுபோக, அந்தச் சுரப்பியில எங்கையோ ஒரு கலத்தில மற்றப் பம்பும் நிண்டுபோச்சு. பிறகென்ன? திருத்த ஆளில்லை. பிழைக்கு மேல பிழை. வளர்ச்சியை அடக்கி வைச்சிருக்கிற மரபணுக்களும் ஒண்டொண்டாப் பழுதாகி, அது கண்டபடி பெருகத் தொடங்கியிருக்கு. ஊசி போட்டு ஹோர்மோனை மறிச்சால் பட்டினியில சாகவேணும். ஆனால் அதுக்குள்ள மாறி மாறி வந்த கலங்களில சிலது ஹோர்மோன் இல்லாமலே பிழைக்கப் பழகிட்டுதாம். அதுதான் ஊசி கேக்காமல் போனது, அதுதான் எலும்புக்கு ஓடினது. ஒரு பிழைக்குள்ள இவ்வளவு பிழை இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?

அந்தப் பிழை இருக்கிறவைக்கு வேலை செய்யிற குளிசை மருந்து இப்ப இருக்காம். அதைக் குடுக்கலாமோ எண்டு பாக்கத்தான் சோதனைக்கு அனுப்பினதாம். முடிவு பிந்திப்போச்சு. இதைச் சொல்லேக்க டொக்டர் என்ர முகத்தைப் பாக்காமல் மேசையைப் பாத்தவர்.

"இந்த மரபணு ஆண் பெண் பாக்காது அம்மா" எண்டவர் பிறகு. "பிள்ளைக்குப் போகப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம், மகனுக்கும் ஒண்டுதான், மகளுக்கும் ஒண்டுதான். தம்பிக்கு இல்லையெண்டதால உங்களுக்கும் இல்லையெண்டு சொல்ல ஏலாது. ஆம்பிளைக்குக் கூடுதலாப் புரோஸ்டேட்டில காட்டும். பொம்பிளைக்கு மார்பில காட்டும், முட்டை உண்டாகிற சூலகத்தில காட்டும். அப்பாவின்ர சொந்தத்தில ஆருக்கும் மார்பில கான்சர் இருந்ததோ? ஆருக்கும் கான்சர் இருந்ததோ எண்டு அவரிட்டக் கேக்க, அவர் இல்லையெண்டுதான் சொன்னவர்."

எனக்கு அந்த நேரம் ஒரு சட்டைதான் ஞாபகம் வந்தது.

சாறிக்குப் போடுற சட்டை அப்பா. நீலக்கலர். நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க அம்மா தையல் மிஷினில வைச்சுத் தைச்சது. ஒரு பக்கத்துக்குள்ள பஞ்சு வைச்சு, அதுக்கு மேல துணி வைச்சு, மற்றப் பக்கத்தோட சரிபாத்துச் சரிபாத்துத் தைச்சவ. "இது ஆருக்கம்மா?" எண்டு கேக்க, "லூர்து மாமிக்கு. போய் விளையாடு" எண்டு துரத்தினவ. லூர்து மாமி, உங்கட கூடப்பிறந்த அக்கா. என்னைவிட இளம் வயசில செத்துப்போனவ. இண்டைக்கு நானும் அந்த மிஷினிலதான் ஊர்ப் பொம்பிளையளுக்குச் சட்டை தைக்கிறன், ஆனால் அந்தப் பஞ்சைப் பற்றி ஒருநாளும் யோசிச்சதில்லை.

அறையை விட்டு வெளியில வந்து, "அம்மா, லூர்து மாமிக்கு என்ன வருத்தம்?" எண்டு கேட்டனான். அம்மா எதிர்ச் சுவரைப் பாத்துக்கொண்டு, "அது பொம்பிளை வருத்தம். அப்பான்ரையோட அதுக்கென்ன?" எண்டவ.

எனக்கு வந்த கோவம் அப்பா! உங்களில வந்தது. இப்பவும் இருக்கு, மறைக்கமாட்டன். அக்காவைக் கொழும்புக்கு றெயினில கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்விச்சது நீங்கள்தானே? அவவின்ர சவப்பெட்டியைத் தூக்கினதும் நீங்கள்தானே? டொக்டர் கேக்க உங்கட அப்பரை நினைச்சிருப்பீங்கள், அண்ணன்மாரை நினைச்சிருப்பீங்கள். கூடப்பிறந்த அக்கா ஏன் ஞாபகம் வரேல்லை? இல்லாட்டில், ஞாபகம் வந்தும், அதை ஆம்பிளையள் கதைக்கப்படாது எண்டு விழுங்கினீங்களோ? அவவுக்கு வந்ததும் உங்களுக்கு வந்ததும் ஒரே வேரிலயிருந்து வந்தது. வேருக்கு ஒரு பக்கம் நீங்கள் மூடிவைச்சீங்கள், மற்றப் பக்கம் அம்மா மூடிவைச்சா. நடுவில வாங்கில இருந்தது நான்.

சரி, ரத்தம் குடுத்தன். முடிவு வந்த அண்டு அன்ரன் தானும் வருவன் எண்டு நிண்டவன். என்ர மனுசன் கட்டாரில, போனில இருந்தார். டொக்டர் ஓமெண்டு தலையாட்டினதைக் கண்ட உடனை அன்ரன் கதிரையில இருந்து விக்கி விக்கி அழத் தொடங்கிட்டான். எனக்குக் கண்ணீர் வரேல்லை. வெளியில ஒரு மான் ஆரின்ரையோ பையை இழுத்துக்கொண்டு ஓடுது, பொம்பிளை ஒருத்தி கத்திக்கொண்டு பின்னால ஓடுறா, நான் அதைப் பாத்துக்கொண்டிருக்கிறன். "அக்கா, என்ர பங்கு உனக்கு வந்திட்டுது" எண்டான். "விசர்க்கதை கதையாதை, மூக்கைத் துடை" எண்டனான். மூண்டு நாளாய் நான் தையல் மிஷினைத் தொடேல்லை.

வருத்தம் இன்னும் வரேல்லை அப்பா, பயப்பிடாதைங்கோ. வாற சந்தர்ப்பம் மற்றவையைவிடக் கனக்கக் கூட, அவ்வளவுதான். பிள்ளை பெத்து முடிஞ்சுது, அதால சூலகத்தை எடுக்கிறது நல்லதெண்டு சொல்லுறார் டொக்டர். மார்பை ஒவ்வொரு வருஷமும் ஸ்கான் பண்ணிப் பாக்கவேணும். நான் ஓமெண்டுட்டன். பிரச்சினை அதில்லை.

பிரச்சினை ஷரோன்.

உங்கட செல்லப் பேத்திக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. நல்ல பெடியன், மூதூர்ப் பக்கம். எனக்கு இருக்கிற பிழை அவளுக்குப் போயிருக்கவும் பாதிக்குப் பாதி. அம்மா என்னைக் குசினிக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டு, "அவளிட்ட மூச்சுக் காட்டாதை. மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிஞ்சால் பரம்பரை வருத்தக்காரக் குடும்பம் எண்டு போயிடுவினம். கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம்" எண்டவ. நான் சண்டை பிடிச்சனான். ஆனால் அப்பா, பிள்ளையின்ர முகத்தைப் பாக்க எனக்கும் சொல்ல மனம் வரேல்லை. தாங்கமாட்டாள் எண்டு நினைச்சன்.

ஒருநாள் அவள் கேட்டாள், "ஏனம்மா அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போறீங்கள்?" எண்டு.

"வயித்தில கல்லாம் பிள்ளை" எண்டனான்.

என்ர வாய்தான் சொன்னது அப்பா. யோசிச்சுச் சொல்லேல்லை, தன்ர பாட்டில வந்தது. சொல்லி முடிய எனக்கே தூக்கிவாரிப் போட்டது. உங்கட குரலில சொன்னமாதிரி இருந்தது. எடுத்து விழுங்கவும் ஏலாது. அவள், "ஐயோ அம்மா" எண்டுபோட்டு வெளியில போயிட்டாள்.

கொஞ்ச நேரத்தால குசினியில இருந்து ஒரு மணம் வந்தது. உங்களுக்கு அந்த மணம் தெரியும். போய்ப் பாக்கிறன், ஷரோன் அடுப்படியில நிக்கிறாள். சட்டை நுனியெல்லாம் ஒட்டுமுள்ளு, விரலில ரத்தம். உங்கட செம்பை எடுத்துக் கழுவி வைச்சிருக்கிறாள். பானையில நெருஞ்சி கொதிக்குது. "அம்மப்பா குடிச்ச கணக்குக்கு" எண்டு சொல்லிச் சிரிச்சாள். "மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கோ அம்மா, கரைஞ்சிடும்."

அந்தச் செம்பைப் பாத்துக்கொண்டு நிண்டன். அப்பத்தான் பின்னால அம்மா வந்தவ. பானையைப் பாத்தா. ஷரோனின்ர விரலைப் பாத்தா. துணியால பானையைப் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவால போய், அப்பிடியே வேலியடியில கவிட்டு ஊத்தினா. நெருஞ்சியெல்லாம் மண்ணில ஆவி பறக்கக் கிடந்தது.

"அம்மம்மா, என்ன இது!" எண்டு ஷரோன் கத்தினாள்.

"கல்லுமில்லை மண்ணுமில்லை" எண்டா அம்மா. அவவுக்கு மூச்சு வாங்கினது. "இந்த வீட்டில இனி ஒருத்தருக்கும் நெருஞ்சி அவிக்க என்னால ஏலாது. ரெஜினா, இருத்திச் சொல்லு அவளுக்கு. எல்லாத்தையும் சொல்லு."

சொன்னன். குசினி நிலத்தில இருந்துதான் சொன்னன். ஷரோன் கேட்டுக்கொண்டே இருந்தாள், நடுவில ஒரு முறை என்ர கையை எடுத்துத் தன்ர மடியில வைச்சாள். முடிய, "எனக்கும் இருக்கலாமெண்டு சொல்லுறீங்கள், என்ன?" எண்டாள். ஓமெண்டன். "அப்ப என்னை விட்டுட்டு ஏன் நீங்கள் மட்டும் பயந்துகொண்டு திரிஞ்சனீங்கள்?" எண்டு கேட்டாளே பாருங்கோ. அழேல்லை அப்பா. தாங்கமாட்டாள் எண்டு நினைச்ச பிள்ளை அழேல்லை. நான்தான் அண்டைக்கு அழுதனான், முடிவு வந்ததுக்குப் பிறகு முதல்முறையா.

அடுத்த கிளினிக்குக்கு மூண்டு தலைமுறையும் போனனாங்கள். கதவைத் திறக்க நான் அம்மாவைத் திரும்பிப் பாத்தன். அவ வாங்கில ஏற்கனவே இருந்திட்டா, கைப்பையை மடியில வைச்சுக்கொண்டு. ஷரோன் போய் அவவின்ர கையைப் பிடிச்சவள். அம்மா எழும்பினா. உள்ள வந்து, கதிரையின்ர நுனியில இருந்து, டொக்டர் ஒண்டும் கேக்க முந்தியே தொடங்கிட்டா.

"இவரின்ர அக்கா லூர்துவுக்கு மார்பில வந்தது டொக்டர். ஒரு பக்கம் எடுத்தவை. புண் ஆறேல்லை, நான்தான் கழுவிக் கட்டினனான். வெளியில தெரியாமல் சட்டையில பஞ்சு வைச்சுத் தைச்சுக் குடுத்ததும் நான்தான். அவவின்ர தாயும் வயிறு வீங்கித்தான் செத்தவ, என்னெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. அவர் இல்லையெண்டு சொன்னவராம். அவரைப் பிழையா நினைக்காதைங்கோ. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன்."

டொக்டர் பேனையை வைச்சுப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர். எனக்குத் திகைப்பு மாறேல்லை அப்பா. உங்களைக் காப்பாத்தியிருக்கக்கூடிய கதையை வைச்சுக்கொண்டு அம்மா இவ்வளவு காலமும் கதவுக்கு வெளியில இருந்திருக்கிறா. முந்தியே ஆரும் அவவை உள்ள கூப்பிட்டிருந்தால், சோதனையும் முந்தியே போயிருக்கும், குளிசையும் கிடைச்சிருக்குமோ? டொக்டரிட்டக் கேட்டனான். "சொல்ல ஏலாது" எண்டவர். அந்தச் சொல்ல ஏலாததோடதான் நான் இப்ப படுத்தெழும்பிறன்.

மிச்சப் புதினம் கேளுங்கோ. லூர்து மாமியின்ர மகள், கட்டைபறிச்சானில படிப்பிக்கிற எங்கட மச்சாள், அவவுக்கும் சொல்லவேணுமே. நான் போன் எடுக்க முந்தி அம்மா தனிய பஸ் ஏறிக் கிண்ணியாப் பாலம் கடந்து போய்ச் சொல்லிப்போட்டு வந்திட்டா. மச்சாள் முதலில சண்டைக்கு வந்தவவாம், பிறகு அழுதவவாம், இப்ப ரத்தம் குடுத்திட்டு முடிவைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. ஷரோன் தனக்கு எப்ப சோதிக்கிறதெண்டு தானே யோசிச்சுச் சொல்லுவாளாம், டொக்டரும் அவசரமில்லை எண்டவர். மாப்பிள்ளை பகுதிக்கு அவளே போனில சொல்லிப்போட்டாள். அவையிட்டயிருந்து இன்னும் மறுமொழி இல்லை. வருமோ, வராமல் விடுமோ?

உங்கட ஆண்டுப் பூசைக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்தில இந்த முறை இந்தக் கடிதத்தைப் போடப்போறம். ஊர் என்ன சொல்லும் எண்டு நான்தான் தயங்கினனான். "போடு. ஆம்பிளையளும் வாசிக்கட்டும், பொம்பிளையளும் வாசிக்கட்டும். லூர்துவின்ர பேரையும் போடு" எண்டது அம்மா. போட்டிருக்கிறன்.

வாற கிழமை எனக்கு ஒப்பரேஷன். பயமா இருக்கு அப்பா. உங்களிட்ட மட்டுமில்லை, கேக்கிற எல்லாரிட்டயும் பயமா இருக்கெண்டுதான் சொல்லுறன். அன்ரன் கேற்றடியில நிக்கமாட்டானாம், வாட்டுக்குள்ள வருவானாம். மானுக்கு வாழைப்பழத்தோல் குடுக்க வேற ஆளைப் பாக்கட்டாம்.

நீங்கள் எங்களில இருந்த பாசத்தில மறைச்சனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அந்த நெருஞ்சிக் கசப்பை எங்களுக்காக எப்பிடிக் குடிச்சனீங்கள் எண்டும் தெரியும். கோவம் ஆற எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் வேணும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வாக்குத் தாறன் அப்பா. இனி எனக்கு எது வந்தாலும், எந்தப் பேரில வந்தாலும், ஷரோனிட்ட அதைக் கல்லெண்டு சொல்லமாட்டன்.

உங்கட வீட்டையும் உங்கட ரத்தத்தையும் வாங்கின மூத்த மகள்,
ரெஜினா